வெந்தும் வேகாத நஞ்சு

பேராக் மாநிலத்தில் மணற்கரையைத் தேடுகிறவர்கள் பங்கோர் தீவுக்குப் போகிறார்கள். கெராங் சிப்பியைத் தேடுகிறவர்களுக்குச் சேறு வேண்டும். வடக்கே கோலா குராவ், கோலா கூலாவில் தொடங்கி, கோலா செபெத்தாங், கோலா துரோங் வழியாகத் தெற்கே பந்தாய் ரெமிஸ் வரைக்கும் கடலோரத்தின் பெரும்பகுதி கண்டல் காடும் களிச்சேறுமாகவே கிடக்கிறது. மாத்தாங் கண்டல் காடு மட்டுமே ஏறத்தாழ 40,000 ஹெக்டேர். அந்தக் காட்டுக்கு அப்பால், நீர் வற்றும்போது தலைகாட்டும் சேற்றுத் திட்டுகளில்தான் கெராங் வளர்கிறது. மலாயாவின் கெராங் வளர்ப்பு முதன்முதலில் தொடங்கியதும் இங்கேதான்: 1948இல், பந்தாய் ரெமிஸுக்கு அருகிலுள்ள பாகான் பஞ்சோர் என்ற மீனவர் கம்பத்தில். குஞ்சுகளை அள்ளி வந்து சேற்றில் தூவ வேண்டும், ஒன்று ஒன்றரை வருடம் காத்திருக்க வேண்டும், பிறகு நீண்ட கைப்பிடி போட்ட கம்பிக் கூடையால் படகில் இருந்தபடியே வாரி எடுக்க வேண்டும். தீனி வாங்கிப் போடும் செலவு கிடையாது. தீனியைக் கடலே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறது. சிக்கலும் அந்தத் தீனியில்தான் இருக்கிறது.

தமிழர்களுக்கு இந்தக் கரை புதிதல்ல. கோலா கூலா அமைந்திருக்கும் கிரியான் வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டார்கள். கரும்பு போய் ரப்பர் வந்தது. 1885இல் மலாயாவின் முதல் ரயில் பாதை தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை, அதாவது இன்றைய கோலா செபெத்தாங் வரை ஓடியது. பாதை பெயர்க்கப்பட்டுப் பல காலம் ஆகிவிட்டாலும், தமிழிலும் பெயர் எழுதிய அந்த நிலையத்துப் பலகை இன்றும் அங்கே நிற்கிறது. பிறகு தோட்டத் துண்டாடல் வந்தது, செம்பனை வந்தது. தோட்டப்புறத்துக் குடும்பங்கள் சுங்கை சிப்புட்டுக்கும் ஈப்போவின் புந்தோங்குக்கும் புதுத் தாமான்களுக்கும் பெயர்ந்தன. லயத்து வாசலுக்கு சைக்கிளில் மீன் கொண்டுவந்தவரிடம் எந்தக் கரை மீன் என்று கேட்டால் பதில் கிடைத்தது. இன்று ஈப்போ சந்தையில் வலைப்பையில் கிடக்கும் கெராங் எந்தக் கரையில், எந்த நாளில் வாரப்பட்டது என்று கேட்டால், பல வேளைகளில் விற்கிறவருக்கே தெரியாது.

கேட்கிறவர்களும் குறைவு. கெராங்கைப் பற்றி வீடுகளில் ஒரே ஒரு பயம்தான் வழிவழியாக வருகிறது: சரியாக வேகாவிட்டால் வயிற்றைக் கெடுக்கும் என்பது. அது நியாயமான பயம். கெராங்கின் உடலில் ஓடுவது நம்முடையதைப் போலவே சிவப்பு இரத்தம். அந்தச் சிவப்பு மாறாமல், கொதிநீரில் ஒரு முக்கு முக்கி எடுத்துச் சம்பல் தொட்டுச் சாப்பிடுவதும், சார் கொய்தியாவில் கடைசி நிமிடத்தில் தூவி இறக்குவதும்தான் ருசி என்பார்கள். கெராங்கின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிப்பியை இதே மாதிரி அரைவேக்காடாகச் சாப்பிட்டதால் 1988இல் சீனாவின் ஷாங்காய் நகரில் ஏறத்தாழ 3 லட்சம் பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது. சாக்கடை கலந்த நீரில் வளர்ந்த சிப்பிக்குள் ஹெப்படைட்டிஸ் ஏ கிருமி இருந்தது. நன்றாக வேகவைத்திருந்தால் அது செத்திருக்கும். ஆகவே 'நல்லா அவிச்சா ஒண்ணும் ஆகாது' என்று பாட்டிமார் சொல்வது கிருமியின் விஷயத்தில் சரி.

ஆனால் சிப்பிக்குள் இன்னொன்றும் வந்து சேரலாம். அது கிருமியல்ல, கிருமி கக்கிய கழிவும் அல்ல. அதை அவித்தாலும், வறுத்தாலும், கறியாக்கினாலும், உறைபெட்டியில் மாதக்கணக்கில் வைத்தாலும் அது அப்படியே இருக்கும். வாசனை கிடையாது, கசப்பு கிடையாது, சதையின் நிறமும் மாறாது. எலுமிச்சை பிழிந்தாலும் அசாம் போட்டாலும் பயனில்லை. புளிப்பு அதை அழிப்பதில்லை, இன்னும் நிலைப்படுத்தவே செய்கிறது. அவித்த தண்ணீரில் அதன் ஒரு பங்கு இறங்கும் என்பதால் சிப்பியை விட்டுவிட்டு ரசத்தை மட்டும் குடித்தவரும் தப்ப முடியாது.

2001 செப்டம்பரில் கிளந்தான் மாநிலத்தின் தும்பாட் வட்டாரத்தில் காயலில் எடுத்த லோக்கான் சிப்பியைச் சாப்பிட்ட 6 பேர் நோயுற்றார்கள். ஒருவர் இறந்தார். அந்த நீரில் அலெக்சாண்ட்ரியம் மினுட்டம் என்ற நுண்பாசி இருந்தது ஆய்வில் தெரியவந்தது. தீபகற்ப மலேசியாவில் இதற்குப் பத்து வருடம் முன்பே முதல் எச்சரிக்கை வந்துவிட்டது: 1991இல் மலாக்காவின் செபாத்துவில், வளர்ப்பு கூப்பாங் சிப்பியைச் சாப்பிட்ட 3 பேருக்கு இதே வகை நஞ்சு ஏறியது. 2013இல் குவாந்தானில் மறுபடியும். 2024 ஏப்ரலில், நோன்புப் பெருநாளை ஒட்டிய நாள்களில், போர்ட் டிக்சன் கடலின் கூப்பாங்கைச் சாப்பிட்ட 8 பேர் பாதிக்கப்பட்டதாகச் சுகாதார அமைச்சு அறிவித்தது. அங்கு கிடைக்கும் சிப்பி வகைகளைச் சாப்பிட வேண்டாம் என்று மீன்வளத் துறை எச்சரித்தது. செபாத்துவும் போர்ட் டிக்சனும் மலாக்கா நீரிணையின் கரையில் இருப்பவை. பேராக்கின் கெராங் சேறும் அதே நீரிணையில்தான் நனைகிறது.

நாட்டின் மிகப் பெரிய துயரம் சபாவில் நடந்தது. 1976இல் சபாவின் மேற்குக் கரையில் கடல் நிறம் மாறியது. அங்குள்ள மக்களோ மருத்துவர்களோ அதற்கு முன் அப்படி ஒன்றைச் சந்தித்ததில்லை. சிப்பி சாப்பிட்ட 200க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், 7 பேர் இறந்தார்கள். மறு ஆண்டு ஆர். என். ராய் என்பவர் மலேசிய மருத்துவ இதழில் இதைப் பதிவு செய்தார். அங்கே காரணமாக இருந்தது பைரோடினியம் என்ற மற்றொரு நுண்பாசி. 1980களில் அது பிலிப்பீன்ஸ் கடல்களிலும் பெருகி அங்கே பலரைக் கொன்றது. அதே இனம் 1987இல் மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலாவில் பசிபிக் கரையோரச் சிற்றூர் ஒன்றில் 26 உயிர்களைப் பறித்தது. இந்த நஞ்சால் குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். சிறிய உடலுக்குக் கொஞ்சம் நஞ்சே போதும்.

இத்தனைக்கும் காரணமான உயிர் கண்ணுக்குத் தெரியாது. அலெக்சாண்ட்ரியத்தில் முப்பதை வரிசையாக நிறுத்தினால்தான் ஒரு மில்லிமீட்டர் தேறும். இரண்டு நுண்ணிய சாட்டைகளைச் சுழற்றி நீந்தும், வெயிலைக் கொண்டு தனக்கான உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும் ஒற்றை உயிரணு உயிர் அது. கடலில் இப்படி ஆயிரக்கணக்கான நுண்பாசி இனங்கள் உண்டு. பெரும்பாலானவை தீங்கற்றவை, மீன் முதல் திமிங்கிலம் வரைக்கும் கடலின் சோற்றுப் பானை அவைதான். நஞ்சு செய்பவை சில நூறு இனங்கள் மட்டுமே. வெப்பமும், அசைவற்ற நீரும், நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்ற உரச்சத்தும் ஒன்றுகூடி வாய்த்தால் அவற்றில் ஏதேனும் ஒன்று திடீரென்று பெருகிவிடும். காலம் சரியில்லாதபோது அலெக்சாண்ட்ரியமும் பைரோடினியமும் தடித்த ஓட்டுக்குள் ஒடுங்கி, உறங்கும் வித்தாகக் கடலடிச் சேற்றில் படிந்துகொள்கின்றன. வருடக்கணக்கில் அப்படிக் கிடந்து, நேரம் வந்ததும் எழுந்து வரும். ஒரு முறை நஞ்சு கண்ட கடலில் அது மறுபடி மறுபடி வருவதற்கு இதுவே காரணம்.

கெராங்கும் கூப்பாங்கும் லாலா சிப்பியும் நீரை உறிஞ்சி, வடிகட்டி, அதில் மிதக்கும் நுண்பாசிகளை உண்டு வாழ்பவை. ஒரு கூப்பாங் ஒரு மணி நேரத்தில் லிட்டர் கணக்கில் நீரை வடிக்கும். நஞ்சுப் பாசி நிறைந்த நீரில் சில நாள் இருந்தாலே போதும், நீரில் விரவியிருந்த நஞ்சு அதன் சதையில் சேர்ந்துவிடும். சிப்பிக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. உயிரோடு, கொழுத்து, ஓட்டை இறுக மூடிக்கொண்டு நன்றாகவே இருக்கும். சந்தையில் வாய் பிளந்த சிப்பியை ஒதுக்கி, மூடியதைப் பொறுக்கும் பழக்கம் செத்துப்போன சிப்பியைத் தவிர்க்க உதவும், நஞ்சுள்ளதைக் காட்டிக்கொடுக்காது. வெள்ளிக் கரண்டியைப் போட்டுப் பார்ப்பது, பூண்டு போட்டு அவித்து நிறம் பார்ப்பது போன்ற சோதனைகளும் அப்படித்தான். அவற்றை நம்பி உயிரைப் பணயம் வைக்கக் கூடாது.

நஞ்சின் பெயர் சாக்ஸிடாக்சின். நரம்பில் சேதி ஓடுவதற்கு, நரம்பணுவின் சுவரிலுள்ள நுண்ணிய வாசல்கள் வழியாக சோடியம் உள்ளே பாய வேண்டும். சாக்ஸிடாக்சின் அந்த வாசலில், சாவித் துளையில் மெழுகை அப்பியது போல, சரியாகப் போய் அடைத்துக்கொள்கிறது. சேதி நின்றுபோகிறது. சாப்பிட்ட அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உதடும் நாக்கும் குறுகுறுக்கும், மரத்துப் போகும். பிறகு முகம், விரல் நுனிகள். தலை சுற்றும், வாந்தி வரலாம், நடை தள்ளாடும், பேச்சு குழறும். நஞ்சு மிகுந்திருந்தால் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். கொடுமை என்னவென்றால், நோயாளிக்குப் பெரும்பாலும் நினைவு தப்புவதில்லை. தமக்கு மூச்சு நிற்பது அவருக்குத் தெரியும். இதற்கு மாற்றுமருந்து இதுவரை கிடையாது. ஆனால் செயற்கைச் சுவாசம் கொடுத்து ஒரு நாள் தாக்குப்பிடிக்க வைத்துவிட்டால் உடல் நஞ்சைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும், நோயாளி பெரும்பாலும் முழுதாகத் தேறிவிடுவார். இங்கே உயிர் என்பது மருத்துவமனைக்குப் போய்ச் சேரும் நேரத்தைப் பொறுத்தது. கடலோரக் கம்பத்திலிருந்தோ, உள்ளடங்கிய தோட்டத்திலிருந்தோ புறப்படுகிறவர்களுக்கு அந்த நேரம் நீண்டுவிடும்.

மனிதன் இதை அறிந்த கதையும் நெடியது. 1793 ஜூன் 15 அன்று கனடாவின் மேற்குக் கரையை அளந்துகொண்டிருந்த கப்டன் ஜார்ஜ் வான்கூவரின் மாலுமிகள் சிலர் காலை உணவுக்குக் கரையிலிருந்த சிப்பிகளைப் பறித்து, வழக்கம்போல நெருப்பில் வாட்டிச் சாப்பிட்டார்கள். சிறிது நேரத்தில் உதடும் விரலும் மரத்தன. ஜான் கார்ட்டர் என்ற மாலுமி அன்று மதியமே இறந்தார். அந்த விரிகுடாவுக்கு வான்கூவர் அவர் பெயரையே வைத்தார். வாட்டிச் சாப்பிட்டும் சாவு வந்தது என்பதை அந்தக் குறிப்பேடு இருநூறு வருடத்துக்கு முன்பே சொல்லிவிட்டது. காரணம் கடலில் மிதக்கும் நுண்பாசிதான் என்று நிறுவ 1930கள் வரை ஆனது. 1927இல் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் நூறு பேரளவில் நோயுற்று 6 பேர் இறந்த பிறகு, ஹெர்மன் சோமரும் கார்ல் மேயரும் கலிபோர்னியாவில் நடத்திய ஆய்வு அது. சிப்பிச் சாற்றை எலிக்கு ஊசியில் ஏற்றி, எத்தனை நிமிடத்தில் அது சாகிறது என்பதைக் கொண்டு நஞ்சை அளக்கும் முறையை அவர்கள் வகுத்தார்கள். எலிகளுக்குக் கொடுமையான அந்த முறை பல நாடுகளில் இப்போது வேதியியல் கருவிகளுக்கு இடம்விட்டு வருகிறது.

எல்லா நஞ்சுப் பாசியும் மூச்சை நிறுத்துவதில்லை. சில, கடும் வயிற்றுப்போக்கோடு விட்டுவிடும். சில, மூளையைத் தாக்கும். 1987 நவம்பரில் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் வளர்த்த கூப்பாங்கைச் சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். 3 முதியவர்கள் இறந்தார்கள். பிழைத்தவர்களில் சிலருக்கு அதற்குப் பிறகு புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியவில்லை. விஞ்ஞானிகள் இரவு பகலாக உழைத்து, சில நாள்களிலேயே காரணத்தைப் பிடித்தார்கள்: டோமோயிக் அமிலம். ஜப்பானில் ஒரு கடற்பாசியிலிருந்து எடுத்துக் குழந்தைகளுக்குக் குடற்புழு மருந்தாகச் சிற்றளவில் கொடுத்துவந்த பொருள்தான் அது. தீங்கற்றவை என்று அதுவரை நம்பப்பட்ட டயட்டம் வகை நுண்பாசியே அதைச் செய்கிறது என்பது உலகத்துக்கு அன்றுதான் தெரிந்தது.

தமிழ்நாட்டுக்கும் இந்த நோய் வந்திருக்கிறது, பலருக்கு நினைவில்லை. 1981 ஏப்ரலில் தமிழ்நாட்டின் கரையோர ஊரான வயலூரில் கழிமுகத்து மட்டியைச் சாப்பிட்டவர்கள் பெருந்தொகையாக மருத்துவமனையில் சேர்ந்தார்கள், 3 பேர் இறந்தார்கள். 1983இல் கேரளத்தின் வடகோடியில் கும்பளை அருகே ஒரு சிறுவன் பலியானான். 1997 செப்டம்பரில் திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞ்ஞம் கரையில் பாறைச் சிப்பியைச் சாப்பிட்டு 7 பேர் மாண்டார்கள், 500க்கும் மேற்பட்டோர் மருத்துவமனை போனார்கள். இம்மூன்று இடங்களிலும் சிப்பி என்பது விருந்துப் பண்டமல்ல. கடலுக்குப் போக முடியாத நாளில், கையில் காசில்லாத வீட்டுக் குழம்பில் விழும் பொருள் அது. அதனால் பாதிப்பும் அந்த வீடுகளில்தான் விழுந்தது.

நிறத்தைக் கொண்டு கடலை எடைபோடுவதும் ஏமாற்றும். 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில், மண்டபம் பக்கம், கடல் பச்சை பிடித்து மீன்கள் செத்து ஒதுங்கின. நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிர் பெருகி, அழுகி, நீரிலிருந்த பிராணவாயு தீர்ந்துபோனது அங்கே நடந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் சென்னைக் கரையில் இரவில் நீலமாக ஒளிர்ந்த அலைகளை ஊரே திரண்டு பார்த்ததே, அதுவும் நாக்டிலூக்காதான். அது சிப்பியில் சாக்ஸிடாக்சினை ஏற்றாது. மறுபக்கம், சில அலெக்சாண்ட்ரியம் இனங்கள் ஒரு லிட்டர் நீரில் சில ஆயிரம் இருந்தாலே சிப்பியை நஞ்சாக்கிவிடும். அந்த நீர் வழக்கமான நிறத்திலேயே இருக்கும். சேறு கலங்கிய பேராக் கரையில் நிறம் பார்த்து எதையும் சொல்ல முடியாது. நுண்நோக்கிதான் சொல்லும்.

பேராக்கின் நீரில் என்னென்ன இறங்குகின்றன என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். செம்பனைத் தோட்டத்து உரம், கிரியான் நெல்வயலின் உரம், இறால் குளங்களின் கழிவு, பன்றிப் பண்ணைகளின் கழிவு, ஊர்களின் சாக்கடை எல்லாம் ஆற்றில் கலந்து கடைசியில் கெராங் திட்டுகளின் மேல்தான் வந்து படிகின்றன. நுண்பாசிக்கு இவை எருவாகும். எந்தப் பாசி பெருகும் என்பதை யாரும் தீர்மானிக்க முடியாது. கப்பல்கள் பாரத்துக்காக நிரப்பி எடுத்துச் செல்லும் கடல்நீரில் உறங்கும் வித்துகள் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பயணம் செய்கின்றன என்பது மெய்ப்பிக்கப்பட்ட செய்தி. மலாக்கா நீரிணையோ உலகத்தின் மிக நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று. கெராங் வளர்ப்பவர்கள் ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறார்கள். 2010இல் மலேசியாவில் 78,000 டன் அளவுக்கு விளைந்த கெராங், அடுத்த சில வருடங்களில் பாதிக்கும் கீழே சரிந்தது. குஞ்சு கிடைப்பதில்லை, விதைத்தது திடீரென்று செத்துப்போகிறது. மாசு, வெப்பம், நோய் என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. இந்தச் சாவுகளுக்கு நஞ்சுப் பாசியைக் குற்றவாளியாக்குவது நியாயமாகாது. ஆனால் கெராங்கைக் கொல்லும் அழுக்கும் நஞ்சுப் பாசிக்கு எருவாகும் அழுக்கும் ஒரே ஆற்றில்தான் வருகின்றன.

1958இல் பத்தான்சலி என்ற மீன்வள ஆய்வாளர் சக ஆய்வாளர் சூங்குடன் சேர்ந்து மலாயாவின் கெராங் வளர்ப்பைப் பற்றி எழுதிய கட்டுரை இத்துறையில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அந்த மரபு அறுந்துவிடவில்லை. பினாங்கு பத்து மாவுங்கில் இருக்கும் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கரையோர நீரையும் சிப்பியையும் சோதிக்கிறது. கிளந்தானின் பாச்சோக்கில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு நிலையத்தில் லிம் போ தீனும் லியாவ் சுய் பின்னும் நஞ்சுப் பாசிகளையே தங்கள் வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்டிருக்கிறார்கள். உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட வரம்பு ஒரு கிலோ சிப்பிச் சதையில் 0.8 மில்லிகிராம் சாக்ஸிடாக்சின். அதைத் தாண்டினால் அந்தக் கரையை மூடிவிட வேண்டும். நஞ்சற்ற நீர் திரும்பியதும் பல சிப்பிகள் சில வாரங்களில் தங்களைத் தாங்களே கழுவிக்கொள்ளும், கரையை மறுபடி திறக்கலாம். இந்த நோய்க்கு உலகம் இதுவரை கண்ட ஒரே தடுப்பு இதுதான். 1987க்குப் பிறகு கனடா தன் சிப்பிக் கடல்களில் டோமோயிக் அமிலத்தையும் தொடர்ந்து சோதிக்கத் தொடங்கியது. அங்கே அந்த அமிலம் பின்னரும் கடலில் தலைகாட்டியது, ஆனால் முன்கூட்டியே கரைகள் மூடப்பட்டன.

ஈப்போவில் இருப்பவருக்கு இதில் என்ன வேலை என்று தோன்றலாம். கரை மூடப்பட்ட செய்தி அவரிடம் வந்து சேர்கிறதா என்பதுதான் கேள்வி. போர்ட் டிக்சன் எச்சரிக்கை வெளியான வாரத்தில் எந்த ஊர்ச் சந்தையிலும் ஒருவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, 'இந்தக் கூப்பாங் எங்கிருந்து வந்தது?' அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் ஏற்பாடு சந்தையில் இல்லை. அமெரிக்காவில் சிப்பி மூட்டை ஒவ்வொன்றிலும் எந்த நீரில், எந்தத் தேதியில், யார் எடுத்தது என்று எழுதிய அட்டை தொங்க வேண்டும். மூட்டை தீர்ந்த பிறகும் கடைக்காரர் அந்த அட்டையை 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. யாருக்காவது நோய் கண்டால் சில மணி நேரத்தில் கரையைப் பிடித்துவிடலாம். கோலா செபெத்தாங்கிலிருந்து ஈப்போவுக்கு வரும் மூட்டையில் அப்படி ஓர் அட்டையைக் கட்டப் பெரிய செலவு ஆகாது. நேர்மையாக வளர்த்து விற்கும் பேராக் மீனவருக்கும் அது காப்பு. வேறெங்கோ ஒரு கடலில் நஞ்சு கண்டதென்று செய்தி வந்தால் அவருடைய கெராங்கும் விலைபோகாமல் கிடக்கும் நிலை மாறும். எச்சரிக்கை வரும்போது அது மலாயிலும் ஆங்கிலத்திலும் முகநூலில் ஏறுவதோடு நிற்காமல், மின்னல் பண்பலையில் தமிழில் சொல்லப்பட வேண்டும், இரவுச் சந்தையின் வாசலில் ஒட்டப்பட வேண்டும். கைப்பேசி பார்க்காத, தோட்டத்திலிருந்து வந்து தாமானில் தனியாக வாழும் முதியவர்கள்தான் இந்தச் செய்தி கடைசியாக எட்டும் ஆள்கள்.

கெராங்கையே கைவிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. உரிமம் பெற்ற வளர்ப்புக் கரையிலிருந்து வருவதை, நன்றாக அவித்துச் சாப்பிடுவதில் பெரும்பாலான நாள்களில் ஆபத்து இல்லை. விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போன இடத்தில் பாறையிலும் பாலத் தூணிலும் ஒட்டியிருப்பதைப் பிள்ளைகளோடு பெயர்த்தெடுத்து அங்கேயே அவிப்பதுதான் துணிந்து செய்யக் கூடாதது; அந்த நீரை யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். எச்சரிக்கை இருக்கும் காலத்தில் மீனைக் குடல் நீக்கியும், இறாலைத் தலை நீக்கியும் சாப்பிடலாம், நஞ்சு சதையில் அவ்வளவாகத் தங்குவதில்லை. சிப்பியை அந்த நாள்களில் தொடவே வேண்டாம்.

சாப்பிட்ட பிறகு உதடு மரத்தால், வாய்வு, பிரஷர், அலர்ஜி என்று வீட்டிலேயே காரணம் தேடிக்கொண்டிருக்காமல், 999ஐ அழைத்தோ அண்டை வீட்டுக் காரிலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஈப்போவில் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை இருக்கிறது. போய்ச் சேர்ந்ததும் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டியது 'சிப்பி சாப்பிட்டேன், இத்தனை மணிக்கு' என்பது. இல்லாவிட்டால் பக்கவாதம் என்று மருத்துவரின் கவனம் வேறு பக்கம் போய்விடலாம். அதே சிப்பியைச் சாப்பிட்ட மற்றவர்களும், தொந்தரவு இல்லையென்றாலும், கூடவே போவது நல்லது. தட்டில் மீந்ததையும் ஓட்டையும் குப்பையில் கொட்டக் கூடாது. ஒரு பையில் கட்டி, வாங்கிய கடையின் பெயரையும் நாளையும் எழுதிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஆய்வுக்கூடம் அதில் நஞ்சை உறுதிசெய்துவிட்டால், எந்தக் கரையிலிருந்து அது வந்ததோ அந்தக் கரையை அன்றைக்கே மூடச் சொல்ல முடியும்.